தொடர் கருச்சிதைவும் மக்கள் நலத் திட்டமும்

(மும்பை சுனாபட்டியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)

ஒரு நாட்டின் மக்கள் நலத்தை அளந்தறியப் பிறப்பு விகிதம், இறப்பு விகிதம், சிசு மரண விகிதம், பேறுகால மரண விகிதம் எனப் பல அளவுகோல்கள் உள்ளன. திட்டங்கள் தீட்டப்படுவதும், நிதி ஒதுக்கப்படுவதும் இவற்றை அடிப்படையாகக் கொண்டே. ஆனால், இவற்றில் எதிலும் இடம்பெறாத ஓர் இழப்பு உண்டு. கருவுற்ற சில வாரங்களிலோ மாதங்களிலோ கரு கலைந்துபோவதே அது. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கருத்தரிப்புகளில் நூற்றுக்கு ஏழு என்ற அளவில் கருச்சிதைவில் முடிந்தன. பெண்கள் நினைவுகூர்ந்து கூறியதை வைத்துப் போடப்பட்ட கணக்கு இது. மருத்துவ முறையில் உறுதி செய்யப்பட்ட கருத்தரிப்புகளில் சுமார் 15 சதவீதம் இவ்வாறு முடிவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

ஒருமுறை நேரும் கருச்சிதைவு பெரும்பாலும் இயற்கையின் தற்செயல் விளைவே. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் பாதிக்குமேல் குரோமோசோம்களின் எண்ணிக்கையில் பிழை உள்ளவை. அவை வளரும் தகுதி அற்றவை. ஆனால், ஒரே பெண்ணுக்கு இரண்டு, மூன்று, நான்கு முறை தொடர்ந்து இவ்வாறு நேரும்போது அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது. இதனையே மருத்துவர்கள் தொடர் கருச்சிதைவு என்கின்றனர். மூன்று இழப்புகள் நேர்ந்த பின்னரே இப்பெயர் சூட்டுவது முன்பு வழக்கம். இரண்டு இழப்புகள் போதும் என்று அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் பிற்பாடு வரையறுத்தன. குழந்தைப் பேற்றை நாடும் தம்பதிகளில் நூற்றுக்கு ஒருவர் முதல் இருவர் வரை மூன்று இழப்புகளைச் சந்திக்கின்றனர். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, எல்லாச் சோதனைகளும் முடிந்த பின்னும் காரணம் இன்னதென்று தெரிவதில்லை.

காரணம் தெரியாத இடத்தில் பழி நுழைந்துவிடுகிறது. பழியைச் சுமப்பவள் பெண்ணே. அந்தப் பழியிலிருந்து விடுபட அவள் கைப்பொருளைச் செலவிடுகிறாள், கடனும் வாங்குகிறாள். ஆகவே இது மருத்துவம் மட்டும் சார்ந்த பொருளன்று. பொருளாதாரமும் சமூகமும் சார்ந்த பொருளுமாகும்.

இடத்தின் பொருத்தம்

சுண்ணாம்புச் சூளை என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய இந்தச் சுனாபட்டிக்கு மேற்கே, சயானைக் கடந்தால் தாராவி. தெற்கே மாட்டுங்கா, கிழக்கே செம்பூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் தாராவியில் இன்றும் வாழ்கின்றனர். தோல் வேலை, தையல், பலகாரம் செய்தல், பழைய பொருள்களைத் தரம் பிரித்தல் எனப் பல தொழில்களில் பெண்களின் உழைப்பு கலந்துள்ளது. அந்த உழைப்பு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, துண்டுக் கூலிக்கு நடைபெறுவது.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், கருச்சிதைவு நேர்ந்த பெண் தொழிலாளிக்கு ஆறு வாரங்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்பை அளித்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அவ்வுரிமையைத் தன்னுள் கொண்டுள்ளது. எனினும், முதலாளி யார் என்று சுட்டிக் காட்ட முடியாத துண்டுக் கூலித் தொழிலில் அந்த உரிமையை யாரிடம் கேட்பது? கரு கலைந்த மறுநாளே தையல் இயந்திரத்தின் முன் அமர வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்குச் சட்டத்தின் நிழல் எட்டுவதில்லை.

இதே வட்டாரத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. சயானில் லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து சிறிது தொலைவில், பரேலில் கே.இ.எம். மருத்துவமனையும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இரு நிறுவனங்களும் உள்ளன. ஒன்று தேசிய நோய் எதிர்ப்புக் குருதியியல் நிறுவனம். மற்றொன்று இனப்பெருக்க, குழந்தை நல ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம். தொடர் கருச்சிதைவின் அறிவியலும் அதன் துயரமும் சில மைல் இடைவெளியில் அடுத்தடுத்து வாழும் நகரம் இது.

தாயின் உடலில் ஒரு புதிர்

வேறொருவரின் சிறுநீரகத்தை ஓர் உடலில் பொருத்தினால் அவ்வுடல் அதனை அந்நியமென்று அறிந்து தாக்கி ஒதுக்க முற்படுகிறது. கருவின் மரபுப் பொருளில் பாதி தந்தையினுடையது. அப்படியானால், தாயின் உடல் பத்து மாதங்கள் அதனை எவ்வாறு பொறுத்துக்கொள்கிறது? இந்த வினாவை 1953இல் தெளிவாக எழுப்பியவர் பிரிட்டிஷ் அறிவியலறிஞர் பீட்டர் மெடாவர். உறுப்பு மாற்றம் பற்றிய ஆராய்ச்சிக்காக அவர் 1960இல் நோபல் பரிசு பெற்றார்.

உடல் தன்னையும் பிறரையும் வேறுபடுத்தி அறிய உதவுவது எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுத் தொகுதி. மனிதரின் மரபணுக்களில் மிகுந்த வேறுபாடு கொண்டது இதுவே. இரு அந்நியரிடம் இத்தொகுதி முற்றிலும் ஒத்திருப்பது அரிது. கரு கருப்பையில் பதியும் இடத்தில் இயற்கைக் கொல்லி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் திரளாகக் கூடுகின்றன. பெயர் அச்சமூட்டுவதாக இருப்பினும், இவற்றின் முக்கிய வேலை அங்கே கொல்வதன்று. நஞ்சுக்கொடிக்கு இரத்தம் செல்லும் குழாய்கள் அகன்று இடங்கொடுக்க அவை துணைபுரிகின்றன. அவற்றின் மேற்புறத்தில் கே.ஐ.ஆர். என்னும் ஏற்பிகள் உள்ளன. இந்த ஏற்பிகள் கருவின் எச்.எல்.ஏ.-சி என்னும் அடையாளத்தைத் தொட்டறிகின்றன. தாயின் ஏற்பியும் கருவின் அடையாளமும் எவ்வகையில் இணைகின்றன என்பதைப் பொறுத்து அணுக்கள் ஊக்கம் பெறுகின்றன, அல்லது அடங்குகின்றன.

கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் ஆஷ்லி மாஃபெட்டும் அவருடைய குழுவினரும் 2004லும் 2010லும் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையில் பெரிதும் பேசப்பட்டவை. ஊக்கும் வகை ஏற்பிகள் இல்லாத தாய்மாருக்கு, கருவின் அடையாளம் ஒரு குறிப்பிட்ட வகையாக இருக்கும்போது, பேறுகால இரத்த அழுத்த நோயும் தொடர் கருச்சிதைவும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால், லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் நிறுவனத்தார் வட இந்தியப் பெண்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய எதிரான முடிவைத் தந்தது. ஊக்கும் வகை மரபணுக்களே அங்கு தொடர் கருச்சிதைவு கொண்டவர்களிடம் மிகுந்து காணப்பட்டன. ஒரு நாட்டில் தீங்கெனத் தோன்றும் மரபணு வேறுபாடு மற்றொரு நாட்டில் நன்மையெனத் தோன்றினால், அதனை வைத்து ஒரு தனிப் பெண்ணின் எதிர்காலத்தைக் கணிக்க இயலாது என்பதே பொருள்.

ஒட்டுண்ணியின் வழி

நோய் எதிர்ப்பு மரபணுக்களில் இத்தனை வேறுபாடு ஏன் இருக்கிறது என்று கேட்டால், தொற்று நோய்களே காரணம் என்பது அறிஞர் பலரின் விடை. பல தலைமுறைகளாக மனிதனைத் தாக்கிய கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் இந்த மரபணுக்களைச் சலித்தெடுத்துள்ளன. இதற்குத் தமிழகத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் வடிவச் சிவப்பணுப் பண்பைக் கண்டறிந்தனர். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் கொடிய சோகை நோய் உண்டாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலோ, அது மலேரியாவின் கொடுமையிலிருந்து காக்கிறது. ஒரே மரபணு ஓரிடத்தில் கேடயமாகவும் மற்றோரிடத்தில் சுமையாகவும் அமைகிறது.

கருவுற்ற பெண்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளுள் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஒன்று மலேரியா, மற்றொன்று டாக்சோபிளாஸ்மா.

மலேரியா ஒட்டுண்ணிகளுள் கொடியதான பால்சிபாரம் வகை, தான் புகுந்த சிவப்பணுக்களை நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ளச் செய்கிறது. 1996இல் அவை ஒட்டும் பொருள் கண்டறியப்பட்டது. 2003இல் ஒட்டுவதற்கு ஒட்டுண்ணி பயன்படுத்தும் புரதமும் அடையாளம் காணப்பட்டது. மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் முதல் கர்ப்பமே அதிக ஆபத்துக்கு உள்ளாகிறது. அடுத்தடுத்த கர்ப்பங்களில் தாய் அந்தப் புரதத்துக்கு எதிரான ஆற்றலைப் பெற்றுவிடுகிறாள். மும்பையில் மலேரியா பழைய பகை. 1911இலேயே பென்ட்லி என்னும் அதிகாரி அன்றைய பம்பாயின் மலேரியாவுக்குக் கிணறுகளில் பெருகும் கொசுவே காரணம் என்று அறிக்கை அளித்தார். அந்த அனாபிலிஸ் ஸ்டெபென்சி கொசு இன்று மேல்நிலைத் தொட்டிகளிலும் கட்டுமானப் பணியிடங்களில் தேங்கும் நீரிலும் பெருகுகிறது. கருவுற்ற பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டால் உடனே இரத்தப் பரிசோதனை செய்வது எளிய, மலிவான பாதுகாப்பாகும்.

டாக்சோபிளாஸ்மா 1908இல் வட ஆப்பிரிக்காவில் ஒரு கொறிவிலங்கிடமும், அதே ஆண்டு பிரேசிலில் முயலிடமும் கண்டறியப்பட்டது. அது எவ்வாறு பரவுகிறது என்பது அறுபது ஆண்டுகள் வரை புதிராகவே இருந்தது. பூனையின் குடலில்தான் அது இனப்பெருக்கம் செய்கிறது என்பதும், பூனையின் மலத்தில் வெளியாகும் முட்டை உறைகள் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன என்பதும் 1970ஆம் ஆண்டையொட்டி நிறுவப்பட்டன. இந்த ஆராய்ச்சியில் முக்கியப் பங்கு வகித்தவர்களுள் ஒருவர் இந்தியாவில் பிறந்து கால்நடை மருத்துவம் பயின்ற ஜே.பி. துபே. ஈர மண்ணில் இம்முட்டை உறைகள் ஓராண்டுக்குமேலும் உயிர்ப்புடன் இருக்கும். குடிநீரில் கலக்கும் குளோரின் இவற்றை அழிப்பதில்லை. கொதிக்க வைத்தால் அழிந்துவிடும். நன்கு வேகாத இறைச்சி மூலமாகவும் இது பரவுகிறது.

நீரின் வழியே இது பரவக்கூடும் என்பதற்குக் கோயம்புத்தூர் சான்று. அங்கு 2004 செப்டம்பர் முதல் 2005 நடுப்பகுதி வரை 248 பேருக்கு இந்த ஒட்டுண்ணியால் கண்ணின் விழித்திரையில் அழற்சி உண்டானதாகக் கண் மருத்துவர்கள் பதிவு செய்தனர். குடிநீர் வழங்கிய நீர்த்தேக்கம் மாசடைந்ததே காரணமாக இருக்கலாம் என்று ஐயுறப்பட்டது.

இந்தியாவில் எத்தனை பேருக்கு இத்தொற்று நேர்ந்துள்ளது? 2007இல் வெளியான ஓர் ஆய்வில் 23,000க்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளில் சுமார் 24 சதவீதத்தில் பழைய தொற்றின் அடையாளமான எதிர்ப்பொருள் காணப்பட்டது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில் நாட்டுச் சராசரி சுமார் 22 சதவீதம். தென்னிந்தியாவில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மேற்கிந்தியாவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த வட்டார வேறுபாடு சுனாபட்டியிலும் தாராவியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனிப் பொருள் உடையது. அதன் விளக்கம் பின்னர் வரும்.

ஒருமுறை வந்தால் போதும்

கர்ப்ப காலத்தில் முதன்முறையாக டாக்சோபிளாஸ்மா தொற்றினால் அது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையக்கூடும். முதல் மூன்று மாதங்களில் கருவுக்குச் செல்லும் வாய்ப்பு குறைவு. ஆனால் சென்றால் தீங்கு மிகுதி. கரு கலையலாம், அல்லது மூளையும் கண்ணும் பாதிக்கப்படலாம். இறுதி மாதங்களில் செல்லும் வாய்ப்பு மிகுதி, தீங்கு குறைவு. இதில் ஐயமில்லை.

ஆனால், ஒருமுறை தொற்றுக்கு ஆளான உடல் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலை வைத்திருக்கிறது. கருவுறுமுன்பே தொற்று நேர்ந்திருந்தால், உடல் நலமுள்ள தாயிடமிருந்து அது கருவுக்குச் செல்வது மிக அரிது. ஆகவே டாக்சோபிளாஸ்மா ஒரு கருவின் இழப்புக்குக் காரணமாகலாம். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கருக்களின் இழப்புக்கு அது காரணமாவதற்குத் தெளிவான வழி இல்லை. தொடர் கருச்சிதைவுக்கு இந்தச் சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்று பிற நாட்டு மருத்துவ நெறிமுறைகள் கூறுவது இதனாலேயே.

எனினும் நம் நாட்டில் இரண்டு முறை கரு கலைந்த பெண்ணிடம் முதலில் எழுதிக் கொடுக்கப்படும் சோதனை, பல இடங்களில், டார்ச் எனப்படும் தொகுப்புச் சோதனையாக உள்ளது. டாக்சோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகாலோ வைரஸ், ஹெர்பிஸ் ஆகியவற்றுக்கான எதிர்ப்பொருள்களை அது ஒருசேரப் பார்க்கிறது. இங்கே ஒரு சிறு கணக்கு பயன்படும். தென்னிந்தியப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பழைய எதிர்ப்பொருள் இருக்கிறது என்று கொள்வோமானால், தொடர் கருச்சிதைவு நேர்ந்த நூறு பெண்களைச் சோதித்தால், ஒட்டுண்ணிக்கும் கருச்சிதைவுக்கும் எத்தொடர்பும் இல்லாதபோதும் முப்பதுக்கு மேற்பட்டோரின் முடிவு 'உள்ளது' என்றே வரும். திருநெல்வேலியில் சிறுமியாக இருந்தபோது வந்துபோன ஒரு தொற்றின் தடயம், மும்பையில் மணமான பிறகு ஏற்பட்ட இழப்புக்குக் காரணமாகக் காட்டப்படலாம். அதற்கு மருந்தும் தரப்படலாம். உண்மைக் காரணம் தைராய்டிலோ இரத்தம் உறையும் தன்மையிலோ கவனிக்கப்படாமல் கிடக்கலாம்.

புதிய தொற்றைக் காட்டுவதாகக் கருதப்படும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளும் சிலரிடம் பல மாதங்கள், ஆண்டுகள்கூட நீடிப்பதுண்டு. ஆகையால் அதனை மட்டும் நம்ப இயலாது. எதிர்ப்பொருளின் பிணைப்பு வலிமையை அளக்கும் மற்றொரு சோதனை தேவைப்படுகிறது. பிணைப்பு வலிமையாக இருந்தால், அண்மையில் மூன்று நான்கு மாதங்களுக்குள் தொற்று ஏற்படவில்லை என்று கொள்ளலாம்.

மரபணுவும் ஒட்டுண்ணியும் சந்திக்குமிடம்

ஒரே ஒட்டுண்ணி பலரைத் தாக்கினும் சிலரின் கருவே பாதிக்கப்படுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை காணவே நோய் எதிர்ப்பு மரபணு ஆராய்ச்சி நடைபெறுகிறது. உடலுக்குள் கிருமி நுழைந்ததை முதலில் உணர்ந்து எச்சரிப்பவை டோல் வகை ஏற்பிகள். அழற்சியைத் தூண்டுவதும் தணிப்பதும் சைட்டோகைன் என்னும் செய்திப் பொருள்கள். இவற்றுக்கான மரபணுக்களில் உள்ள சிறு வேறுபாடுகளுக்கும் பிறவி டாக்சோபிளாஸ்மா நோய்க்கும் தொடர்பு இருப்பதாக அமெரிக்கா, ஐரோப்பா, பிரேசில் ஆகிய இடங்களின் ஆய்வுகள் சுட்டுகின்றன. ஒட்டுண்ணியை அழிக்க உடல் எழுப்பும் அழற்சி அளவு மீறினால், கருவைப் பொறுத்துக்கொள்ளும் சமநிலையே குலையலாம் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

பொலிவியாவின் சிமானே பழங்குடிப் பெண்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்துக்கு மற்றொரு கோணம் தந்தது. கொக்கிப்புழு உள்ள பெண்களுக்குக் குழந்தைப் பேறு தாமதமாயிற்று. உருண்டைப்புழு உள்ளவர்களுக்கோ அது விரைவுபட்டது. புழுக்கள் நோய் எதிர்ப்பு அமைப்பை இருவேறு திசைகளில் சாய்ப்பதே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். உருண்டைப்புழு நன்மை தரும் என்பது இதன் பொருளன்று. கருவின் நலம் மரபணுவால் மட்டும் முடிவாவதில்லை. வாழும் சூழலும் அதில் பங்கேற்கிறது என்பதே பாடம்.

மாணவர்கள் இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது புள்ளியியலின் எச்சரிக்கை ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இருபதில் ஒரு பங்கு தவறு நேரலாம் என்னும் வரம்பை ஏற்று, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது மரபணு வேறுபாடுகளைச் சோதித்தால், உண்மையில் எத்தொடர்பும் இல்லாதபோதும் குறைந்தது ஒன்றாவது தொடர்புடையதாகத் தோன்றும் வாய்ப்பு 64 சதவீதம். நூறு பேரைக் கொண்ட சிறு ஆய்வுகள் ஒன்றையொன்று மறுப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

உறவுமுறைத் திருமணம் பற்றிய எண்ணமும் இங்கே தெளிவு பெற வேண்டும். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று உறவில் மணம் முடிப்பது தமிழரிடம் பழைய வழக்கம். கணவன், மனைவியின் எச்.எல்.ஏ. ஒத்திருந்தால் கரு நிலைக்காது என்ற கோட்பாடு 1970களிலும் 80களிலும் செல்வாக்குப் பெற்றது. வட அமெரிக்காவின் ஹட்டரைட் சமூகத்தில் கரோல் ஓபர் நடத்தி 1998இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வு இதற்கு ஓரளவு ஆதரவு தந்தது. ஆனால், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவும் இன்பராஜும் தமிழ்நாட்டில் ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட முடிவின்படி, உறவில் மணந்தவர்களிடம் கருச்சிதைவு குறிப்பிடத்தக்க அளவில் கூடுதலாக இல்லை. கர்நாடகத்தில் நடந்து 1991இல் வெளியான ஆய்வும் கரு இழப்பைப் பொறுத்தவரை இவ்வாறே கூறிற்று. சில பிறவி நோய்களின் பொருட்டு உறவுத் திருமணத்தைத் தவிர்ப்பது நல்லதே. ஆயினும், தொடர் கருச்சிதைவு நேர்ந்த தம்பதியிடம் “உறவில் மணந்ததால் வந்த வினை” என்று சொல்வதற்கு இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை.

வெற்றிக்கும் தோல்விக்கும் எடுத்துக்காட்டு

நோய் எதிர்ப்பு சார்ந்த மரபணு ஆராய்ச்சி வீண் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. ஆர்.எச். இரத்த வகை 1940ஆம் ஆண்டையொட்டிக் கண்டறியப்பட்டது. தாய் ஆர்.எச். நெகடிவாகவும் குழந்தை பாசிடிவாகவும் இருந்தால், முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்து வரும் கருக்கள், குறிப்பாகப் பிந்திய மாதங்களில், ஒன்றன்பின் ஒன்றாக மடியும். இது தாயின் எதிர்ப்பாற்றல் கருவைத் தாக்குவதால் விளைவது என்று அறிந்ததும், தடுப்பு வழியும் பிறந்தது. 1968 முதல் ஆன்டி-டி ஊசி மருந்து வழக்கத்துக்கு வந்தது. இந்தியரில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் ஆர்.எச். நெகடிவ் வகையினர். ஒரு காலத்தில் விதி என்று எண்ணப்பட்ட இழப்பு இன்று ஓர் ஊசியால் தடுக்கப்படுகிறது.

இரத்த வகை ஆராய்ச்சியில் இந்நகரத்தின் பெயர் உலக நூல்களில் பதிந்துள்ளது. 1952இல் பெண்டேயும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்த அரிய இரத்த வகை 'பம்பாய் வகை' என்றே வழங்குகிறது. 1957இல் இங்கு இரத்த வகை ஆய்வு மையம் நிறுவப்பட்டது. அதுவே வளர்ந்து மேற்கூறிய குருதியியல் நிறுவனமாயிற்று.

தோல்விக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கணவனின் வெள்ளணுக்களை மனைவிக்குச் செலுத்தினால் அவளுடைய உடல் கருவைப் பொறுத்துக்கொள்ளப் பழகும் என்று கருதப்பட்டது. 1985இல் லண்டனில் மௌப்ரே குழுவினர் வெளியிட்ட சோதனை இதற்கு ஆதரவாக இருந்தது. பல நாடுகளில் இச்சிகிச்சை பரவியது. 1999இல் ஓபரும் அவருடைய குழுவினரும் பல மருத்துவமனைகளில் நடத்திய பெரிய சோதனையின் முடிவு வெளியாயிற்று. இச்சிகிச்சையால் பயனில்லை என்று அது காட்டியது. ஆராய்ச்சிக்கு வெளியே இதனைச் செய்யலாகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2002இல் அறிவித்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் நம்பிக்கையோடு பணத்தையும் செலவிட்டன. கோட்பாடு அழகாக இருப்பது சிகிச்சைக்குச் சான்றாகாது.

செலவும் பயனும்

2021-22ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலவிட்டதாகும். 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது குறைந்துள்ளமை மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவுகின்றன. தொடர் கருச்சிதைவின் செலவோ பெரும்பாலும் வெளி நோயாளியாகச் செய்யும் சோதனைகளில் கரைகிறது.

தாய்-சேய் நலத் திட்டங்கள் கர்ப்பப் பதிவிலிருந்து தொடங்குகின்றன. முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் பதிவு செய்யுமாறு பெண்கள் ஊக்குவிக்கப்படுகின்றனர். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் ஒன்பதாம் நாளில் கருவுற்ற பெண்களுக்கு இலவச மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. இவை யாவும் பாராட்டத்தக்கவை. தொடர் கருச்சிதைவு கொண்ட பெண்ணின் கருவோ, பதிவு செய்யப்படுமுன்பே பெரும்பாலும் கலைந்துவிடுகிறது. ஆகையால் மிகவும் தேவையுள்ளவளே திட்டத்தின் வாசலுக்கு வெளியே நிற்க நேரிடுகிறது.

இந்நிலையில் பொதுப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதற்கு ஒரு நெறி வேண்டும். முடிவு எதுவாயினும் சிகிச்சை மாறாத சோதனைக்குப் பணம் செலவிடுவது வீண். சிகிச்சையை மாற்றக்கூடிய சோதனை ஏழைக்கும் கிடைக்க வேண்டும். இந்நெறியின்படி பின்வருவன முதலிடம் பெறத்தக்கவை:

ஒன்று, இரத்தம் உறைவதைத் தூண்டும் பாஸ்போலிப்பிடு எதிர்ப்பொருள் சோதனை. தொடர் கருச்சிதைவு கொண்ட பெண்களில் சுமார் 15 சதவீதத்தினரிடம் இது காணப்படுகிறது. ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் தந்தால் பலன் உண்டு. 1997இல் லண்டனில் வெளியான ஒரு சோதனையில், ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதத்தினரும், இரண்டும் பெற்றவர்களில் 71 சதவீதத்தினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர்.

இரண்டு, தைராய்டு, சர்க்கரை, இரத்த வகை ஆகியவற்றுக்கான எளிய சோதனைகள். கருப்பையின் அமைப்பைக் காட்டும் ஸ்கேன். தேவைப்படுமிடத்துத் தம்பதியரின் குரோமோசோம் சோதனை.

மூன்று, தொற்றுத் தடுப்பு. நீரைக் கொதிக்க வைத்தல், இறைச்சியை நன்கு வேகவைத்தல், காய்கறிகளைக் கழுவுதல், மண்ணையோ பூனையின் கழிவையோ தொட்ட கையைச் சோப்பால் கழுவுதல், கொசு பெருகும் நீரை அகற்றுதல். எவருடைய மரபணு எத்தகையதாயினும் இவை எல்லோருக்கும் பயன் தரும்.

நான்கு, கணக்கு. மாநகராட்சியின் சுகாதார நிலையங்களில் பெண்ணின் முந்தைய இழப்புகளைப் பதிவு செய்து, இரண்டாவது இழப்பின்போதே சயான் போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டும். வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களுக்கு இதில் பயிற்சி அளிக்கலாம். இப்பதிவுகளைக் கொண்டே பரேலின் ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை உள்ளடக்கிய ஆய்வை நடத்த முடியும். சிறு ஆய்வுகளின் முரண்பாடுகள் அப்போதுதான் தீரும்.

ஐந்து, ஆறுதல். மூன்று இழப்புகளுக்குப் பின்னும் காரணம் தெரியாத பெண்களில் பெரும்பாலோர் அடுத்து வெற்றி காண்கின்றனர். லிவர்பூலில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், இத்தகையோரின் அடுத்த கர்ப்பங்களில் சுமார் 75 சதவீதம், பரிவான கண்காணிப்பு மட்டும் பெற்று, நல்ல முறையில் நிறைவேறின. இந்தச் செய்தியை ஒரு பெண்ணிடமும் அவளுடைய கணவனிடமும் மாமியாரிடமும் அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்லுவதற்குச் செலவு ஏதுமில்லை.

மரபணு ஆராய்ச்சி தொடர வேண்டும். ஆர்.எச். நோயை வென்றதுபோல் இதிலும் ஒருநாள் வழி பிறக்கலாம். அந்நாள் வரும்வரை ஆய்வுக் கூடத்தின் யூகங்கள் சோதனைக் கட்டணமாக மாறி ஏழையின் வீட்டுக்குள் நுழையாமல் காப்பது அரசின் கடமை. தெரிந்த காரணங்களுக்கு உரிய காலத்தில் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், தெரியாத காரணத்துக்குப் பெண்மீது பழி சுமத்தாதிருப்பதும் இப்போதே செய்யக் கூடியவை. இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. கணக்கில் வராத இழப்பைக் கணக்கில் சேர்க்கும் முடிவு ஒன்றே தேவை.